பச்சைப் பெட்டி

நகரத்தில் இரண்டு நாள் சுற்றிவிட்டு, ஓய்வுபெற்ற தையல்காரரும் மனைவியும் படகுத்துறைக்கு வந்தார்கள். ஆற்றில் ஏழு நாள் கப்பல் பயணம். அவர் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் தலையாட்டாத பயணத்துக்கு அவள்தான் பிடிவாதமாக அவரைக் கிளப்பியிருந்தாள். நேற்று விடுதியில் அவர் மூக்குக்கண்ணாடியின் கம்பி உடைந்தது. அதில் சிவப்பு நூலைச் சுற்றி, தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சைப் போட்டார்.

போன வாரம் இதே கப்பலில் போய்த் திரும்பியவர்களின் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் அவளுடைய பச்சைப் பெட்டி இருந்தது. அவளுடைய பச்சைப் பெட்டி அவள் கையிலும் இருந்தது.

"என்னங்க, இதைப் பாருங்களேன்."

"அட, உன்னை மாதிரியே அதுக்கும் ஒரு இடத்துல கால் தரிக்காது போல. முன்னாடியே போயிட்டு வந்துடுச்சு!" சிரித்துக்கொண்டே அவர் வரிசையில் நகர்ந்தார்.

இறக்கிவைத்த பெட்டியில் அவள் தன் சாவியைப் போட்டாள். திறந்தது. மடித்த சால்வைக்குள் அவருடைய கண்ணாடி இருந்தது. கம்பியில் சிவப்பு நூல், அதே முடிச்சு.

அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கப்பலேறும் பலகையில் பாதி தூரம் போயிருந்தார்.

"என்னங்க, வேணாம். வீட்டுக்குப் போயிடலாம்!"

"ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வந்ததே நீதானே? வாம்மா" என்று கையை நீட்டினார்.

அவள் கையிலிருந்த கண்ணாடியில் இன்னும் ஆற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.