ஒன்றேகால் மணி நேரம்

மதுரையில் விமானம் மேலெழும்பியதும் வித்யாஸ்ரீ சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"என்னங்க, அம்புட்டு சந்தோஷம்?" என்றான் பக்கத்து இருக்கை இளைஞன்.

"இன்னைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. வீட்டுக்குத் தெரியாம ஓடி வந்துட்டேன்! மாப்ள போட்டோவக்கூடப் பாக்கல."

அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை.

"அதுக்குள்ள சென்னையா?" அவள் முகம் வாடியது.

"ஒன்னேகால் மணி நேரந்தானே! காலையில மதுரைக்கு வாரப்பத்தான் இதே தூரம் முடியவே மாட்டேன்னுச்சு."

"எதுக்கு வந்தீங்க?"

"பொண்ணு பாக்க. ஏர்போர்ட்ல இறங்குனதும் பயம் வந்துருச்சு. வீட்டுக்கே போகாம இந்த ஃபிளைட்ல ஏறிட்டேன். பொண்ணு பேரு வித்யாஸ்ரீயாம்."

அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மதுரைக்கு அடுத்த ஃபிளைட்ல ரெண்டு டிக்கெட் போடுங்க. பொண்ணு பாக்க நேரமாச்சு!"