புருவத் தழும்பு

விளம்பர நிறுவனம் ஒன்றைப் பார்வையிடக் கல்லூரியிலிருந்து வந்த முப்பது பேரில் ஜெனிபாதான் கடைசியாக அங்கிருந்த கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தாள். பெரிய திரையில் நகைக்கடை விளம்பரம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்கா ரோஸ்லின். வேலைக்குப் போன அக்கா வீடு திரும்பாமல் நான்கு வருடமாகிறது.

“அண்ணா, இவங்க எங்க இருக்காங்க?”

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சிரித்தார். “எங்கயும் இல்லம்மா. கம்ப்யூட்டரே உருவாக்கின முகம் இது. இப்படி ஒரு பொண்ணே கிடையாது.”

ஜெனிபா திரையை நெருங்கிப் பார்த்தாள். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. சிறுவயதுச் சண்டையில் அவள் எறிந்த சிலேட்டு பட்டு அக்காவுக்குக் காயமான அதே இடம்.

“இந்தத் தழும்பு?”

“அதான் புரியல. நகைக்கடைக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. காலைலேர்ந்து அழிக்கிறேன். கொஞ்ச நேரத்துல மறுபடி வந்துருது.”

அவர் இன்னொரு முறை அழித்தார். புருவம் முழுதானது. சிரித்தவள் யாரோ ஒருத்தி ஆனாள்.

வாசலிலிருந்து பேராசிரியர் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஜெனிபா அசையவில்லை.

“தெரியாம எறிஞ்சுட்டேன்க்கா” என்றாள் திரையைப் பார்த்து. “வீட்டுக்கு வந்துரு அக்கா.”

அந்த மனிதர் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். இருவரும் திரையில் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.