நீல நூல் கட்டிய ஆந்தை

ஆந்தை உட்கார்ந்த வீட்டில் சாவு நிச்சயம் என்பது உலகம் தோன்றிய நாள் முதல் மாறாத உண்மை. புன்னைக்காயலில் அதை அறிவித்தவர், கோழி பறந்தாலே சிலுவை போடும் லாஞ்சுப் படகு முதலாளி இஞ்ஞாசி.

எழுபத்து நான்காம் வருஷம், வலையில் சிக்கிச் சிறகொடிந்த ஆந்தை ஒன்றை நர்ஸ் பிளாரன்ஸ் இரண்டு மாதம் வைத்தியம் பார்த்தாள். அடையாளத்துக்குக் காலில் நீல வலைநூல் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழம பறக்கலைன்னா கடல்ல எறிஞ்சிருவேன்" என்றார் இஞ்ஞாசி.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் பார்க்க பிளாரன்ஸ் ஆந்தை இருந்த பெட்டியைத் திறந்தாள். ஆந்தை பறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பின்னாலேயே இன்னொன்று பறந்தது. மொத்தம் ஏழு பறந்தன. ஏழின் காலிலும் நீல நூல்.

"ஏளா, எத்தனைய வளத்த?" என்றார் இஞ்ஞாசி.

"ஒண்ணுதான் அண்ணாச்சி!" பிளாரன்ஸ் துள்ளிக் குதித்தாள்.

ஏழும் இஞ்ஞாசி வீட்டு ஓட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்தன.

மூன்று வருஷமாகிறது. அந்த வீட்டில் யாரும் சாகவில்லை. இஞ்ஞாசி மட்டும் இன்னும் மாமியார் வீட்டில்தான் படுக்கிறார்.