ஒரே ஒரு வால்

ஊராரிடம் முதலில் எதைக் கேட்பது என்று மேய்ச்சல் காட்டில் கூட்டம் நடந்தது. தெருவில் திரியும் கால்நடைகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டில், பத்து நிற்கிற இடத்தில் நாற்பது நிற்கின்றன, அதைப் பெரிதாக்கச் சொல்லுவோம் என்றது கழுதை.

செவலைக் காளைக்குச் சிரிப்பு வந்தது. தன்னைப் பிடிக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்பது அதன் எண்ணம். "தப்பு பண்ணினதுங்கதானே உள்ளே கிடக்குது. அதுங்களுக்கு எதுக்குச் சொகுசு? முதல்ல தண்ணித் தொட்டியைக் கேப்போம்."

வாலைத் தூக்கிச் சம்மதம் சொல்வது அங்கே வழக்கம். தொட்டிக்கு அத்தனை வால்களும் எழுந்தன. பவுண்டுக்குக் கழுதையின் வால் மட்டும்தான்.

மறுநாள் கடைத்தெருவில் காளையும் கழுதையும் சேர்ந்தே பிடிபட்டன. பவுண்டுக்குள் கால் வைக்க இடமில்லை. முறை வைத்துத்தான் படுத்தன.

"கூட்டம் போட்டீங்களாமே, நமக்காக யாராவது வால் தூக்கினாங்களா?" என்று படுத்திருந்த எருமை கேட்டது.

"ஒரே ஒரு வால்," என்றது காளை, திமிலை நிமிர்த்தி. "என்னோடது."

எருமைக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்போ என் முறையில நீங்க படுங்கய்யா," என்று எழுந்து இடம் விட்டது.

காளை கம்பீரமாகப் படுத்து அசைபோட்டது. மூலையில் கழுதை காலை மாற்றி ஊன்றிக்கொண்டது.