முதல் கொப்பு

"இதிலை முதல் கொப்பை ஆர் குத்தினது? கண்ட ஆள் ஆராவது இருக்கோ? அதை மட்டும் சொல்லுங்கோ!"

ஓவசியர் ராஜலிங்கம் போட்ட சத்தத்தில் கல்லுடைக்கும் சுத்தியல்கள் எல்லாம் நின்றுவிட்டன. யாழ்ப்பாணத்து மனிதர். பாதை வேலை என்று வந்துவிட்டால் சொந்த மாமனாரையும் ஓரமாகத் தள்ளி நிறுத்துவார் என்று பேர்.

கட்டுகஸ்தோட்டைத் துறையைத் தாண்டிக் கண்டிக்கு ஏறும் பாதை அது. கோப்பி மூட்டை வண்டிகள் பெருகிவிட்டதால் அகலமாக்கச் சொல்லி வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு வந்திருந்தது. அதற்காக முளையடித்துக் கட்டிய கயிற்றுக்குக் குறுக்கே நின்றது ஒரு பெரிய மரம். அதன் அடியில் ஆள் உயரத்துக்குக் கொப்பும் குழையுமாக ஒரு குவியல். கடலுக்கு அக்கரையிலிருந்து தோட்டங்களுக்கு நடந்தே வரும் சனங்கள், காட்டு வழியில் ஒரு கொப்பை முறித்துக் குத்தி, 'பிள்ளையாரே, துணைக்கு வா' என்று கும்பிட்டுப் போவது வழக்கம். இங்கேயும் குத்தினார்கள். குத்திக் குத்தி அது கோயிலாகவே ஆகிவிட்டது.

"துரை தெளிவாச் சொல்லிப்போட்டார்" என்றார் ராஜலிங்கம். "ஆதி தெரியாத பழைய இடமெண்டால் பாதையை வளைக்கலாம். இன்ன மனிசன் வைச்சதெண்டு சாட்சி இருந்தால் வெட்டி எறிய வேணும்."

கணபதிக் கங்காணி தலையைச் சொறிந்தார். "வெட்டுறதுக்கு எவன்யா வர்றான்? கத்தியக் குடுத்தா கைவலிங்கிறான். மம்பட்டியக் குடுத்தா கால்வலிங்கிறான். போதாததுக்கு இந்த வீரம்மா வேற!"

வீரம்மா அவருடைய கூலியாள்தான். கல்லுடைக்கிறவள். இன்றைக்குச் சுத்தியலைப் போட்டுவிட்டு, மகள் அழகம்மாவை மடியில் கிடத்திக்கொண்டு, குவியலை மறித்து உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளைக்குக் குளிர்காய்ச்சல் வந்து கண்ணு சொருகிப் போச்சுங்கய்யா. இங்க கொப்பு குத்தித்தான் வேண்டிக்கிட்டேன். இன்னைக்குத்தான் ஒரு வாய் கஞ்சி எறங்கியிருக்கு. இப்பப் போயி சாமிய வெட்டுனா எம் புள்ள கதி என்னாகும்? என்னைய வெட்டிட்டு அப்புறம் வெட்டுங்க!"

போர்வைக்குள்ளிருந்து அழகம்மா ஓவசியரின் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜலிங்கம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அழுதால் சரிவருமோ? நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ. ஆர் குத்தினது?"

"ராசா காலத்துலருந்தே இருக்குன்னு சொல்றாங்கய்யா" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"ஆர் சொன்னது? அவர் கண்டவரோ?"

அவன் பின்னால் இருந்தவனின் முதுகுக்குள் மறைந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஏற்றத்தில் ஒரு மாட்டுவண்டி வந்தது. "ஸெய்னுலாப்தீன் நானாவக் கேளுங்கய்யா. இது வெறும் வண்டித்தடமா இருந்த காலத்துலருந்து ஓட்டுறாரு" என்று கணபதி வாயை விட்டுவிட்டு, வீரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஓவசியர் அதே கேள்வியைக் கேட்க, ஸெய்னுலாப்தீன் வண்டியை விட்டு இறங்கினார். "தெரியும் ஐயா. நல்லா ஞாபகம் ஈக்குது. ஒரு நாள் காலையில நான் போகக்குள்ள இங்க ஒண்டுமே இல்ல. பின்னேரம் திரும்பி வந்தா, நட்டின மாதிரி ஒரு பச்சைக் கொப்பு!"

வீரம்மா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பிறகு?" என்றார் ஓவசியர்.

"மாட்ட விலத்திப் புடிச்சேன். எல்லாருமே விலத்தித்தான் போனாங்க. இந்த ஏத்தத்துல எங்க பாத்தாலும் வண்டிச் சில்லு புதையும். இந்த மரத்தடியில மட்டும் இண்டைக்கு வரைக்கும் ஒரு வண்டிக்கும் ஒண்டும் ஆகல்ல. அதுதான் அதிசயம்."

ராஜலிங்கம் அவருக்கு மிக அருகில் போய் நின்றார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. குத்தின ஆளைக் கண்டனீங்களோ?"

ஸெய்னுலாப்தீன் தாடியைத் தடவினார்.

"இல்ல ஐயா. அல்லாஹ் அறிய நான் காணல்ல. ஆரெண்டு நானும்தான் இவ்வளவு காலமா யோசிக்கிறேன்."

ஓவசியர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "வேற ஆராவது?" தலைகள் இல்லையென்று ஆடின. குடையை மடக்கினார்.

"சாட்சி இல்லை. ஆதி தெரியாத பழைய இடமெண்டு துரைக்குச் சொல்லுறன். கயிறைப் பிடுங்கி, மரத்துக்கு அந்தப் பக்கத்தாலை பாதையை வளையுங்கோ!"

வீரம்மா ஓவென்று அழுதே விட்டாள். கைவலிக்காரனும் கால்வலிக்காரனும் போட்டிபோட்டுக்கொண்டு கயிறு பிடுங்க ஓடினார்கள்.

ஓவசியரோடு துறையை நோக்கி இறங்கும்போது கணபதிக்கு மனம் ஆறவில்லை. "இருந்தாலும்யா, அந்த மொதக் கொப்ப யாருதான் குத்தியிருப்பா? மண்டையே வெடிச்சிரும் போல இருக்கு."

ராஜலிங்கம் பின்னால் ஆள் யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"முந்தி ஒருக்கால் இந்தத் தடத்தை அளக்க வந்தனான். மரத்தடிச் சேத்துக்குள்ளை என்ர அளவுகோல் முழுசா இறங்கிப்போச்சு. வண்டி ஏதும் விழுந்திடுமெண்டு ஒரு கொப்பை முறிச்சுக் குத்திப்போட்டுப் போனனான்."

கணபதி நடுப்பாதையில் நின்றுவிட்டார்.

"அதைக் கண்ட ஆள் ஒருத்தரும் இல்லையெண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் கங்காணி, இவ்வளவு நேரமும் விசாரிச்சனான்."