யாருடைய பத்து மணி

டெஸ் கிழவர் வந்தபோது என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது.

தினமும் பத்துக்கு வருகிறவர். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறு கையில் தேநீர் ஃபிளாஸ்க், அக்குளில் இடுக்கிய காகிதப் பையில் தேங்காய்த் துருவல் தூவிய இரண்டு லாமிங்டன் கேக்.

எல்லைத் தெருவின் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தடுப்புகள். இந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து, அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ். தெற்கேயிருந்து கொரோனா வந்துவிடக் கூடாது என்று ஜூலையில் மூடினார்கள். காவலுக்கு நான். போலீஸில் சேர்ந்து பதினோரு வருடத்தில் பிளாஸ்டிக்கைக் காவல் காத்தது இதுதான் முதல் தடவை.

பத்து மணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோரல் வருவார். கணவர் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம். ஏதோ வேலையாகப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார் போல என்று நானாகவே வைத்துக்கொண்டேன்.

இவர் லாமிங்டனைத் தடுப்பின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்குவார். அவர் முன்னே வந்து எடுத்துக்கொள்வார். ஒன்றரை மீட்டர் இடைவெளி சட்டம். பிறகு ஒரு மணி நேரம் வாய்ச்சண்டை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போகாது. என் நாளில் உருப்படியான நேரம் அது ஒன்றுதான்.

அன்று சண்டைக்கான நாள் இல்லை. கோரலுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும். பத்து நிமிடத் தூரத்தில் மருத்துவமனை இருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம். அனுமதி கேட்டு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி சிட்னிக்குத்தான் போக வேண்டும். துணைக்கு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அவருடைய ஊர்க் கடிகாரப்படி பதினொன்றரைக்கு வண்டி வந்துவிடும்.

"நாளைக்குப் பத்து மணி" என்று சொல்லிவிட்டுத்தான் முந்தின நாள் பிரிந்தார்கள்.

அதில்தான் சிக்கல். அன்றைக்கு அக்டோபர் முதல் ஞாயிறு. கோடையில் மாலை வெளிச்சம் நீள வேண்டும் என்று தெருவின் தெற்குப் பக்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நாள். நாங்கள் தள்ளுவதில்லை. வெயில் ஒரு மணி நேரம் கூடினால் ஜன்னல் திரை வெளுத்துவிடும் என்று வாதாடிய பரம்பரை எங்களுடையது.

டெஸ்ஸின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன். அதில் மணி பத்து. கிழவர் தெற்குக்குத் தள்ளிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்!

ஒன்பதரை ஆயிற்று. எதிர்ப்பக்கத்தில் ஆளில்லை.

கோரலின் ஊரில் இப்போது பத்தரை. வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்க வேண்டும். வண்டி முன்னாலேயே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதோ?

"ஒரு போன் போட்டுப் பாருங்களேன், டெஸ்."

"பத்துன்னா பத்து. வரணும்னா வருவா. போன் போட்டுக் கெஞ்சுற பழக்கம் நமக்கு இல்லம்மா."

சொன்னாரே தவிர, எழுந்து போகவில்லை. ரொட்டிக் கடையில் முன்னால் இரண்டு பேர் நின்றாலே திரும்பி நடந்துவிடுகிற மனிதர். ஃபிளாஸ்கைத் திறந்தார், மூடினார். லாமிங்டன் பையின் வாயை நாலு தடவை மடித்தார். ஒன்பதே முக்காலுக்கு அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நான் தெருக்கோடியில் தெரிகிற கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீம்பு பிடித்த கிழவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

என் கடிகாரத்தில் சரியாகப் பத்து. தெருமுனையில் ஊன்றுகோல் சத்தம்.

கோரல் மூச்சு வாங்க வந்து நின்று, தன் மணிக்கட்டை நீட்டினார். அதிலும் பத்து. முள்ளைத் திருப்பவே இல்லை.

"பாத்துக்கோ கிழவா. உன் பத்து மணிக்கே வந்துட்டேன். இன்னைக்காவது வாயை மூடிக்கிட்டு இரு."

டெஸ் மெல்ல சட்டைக் கையை ஏற்றிவிட்டுத் தன் கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று.

கோரல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மடையா. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் நீ இந்த முள்ளைத் தள்ளி வெச்சிருந்தா, நான் உன்னை டைவர்ஸ் பண்ணிட்டு ரோட்டைத் தாண்டி வந்திருப்பேனா?"



"அடுப்படிச் சுவத்துல ரெண்டு கடிகாரம்மா" என்றார் டெஸ் என்னிடம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் குரலில். "எனக்கு வேலை வடக்கே, இவளுக்குத் தெற்கே. ஒருத்தர் சாப்பிட உக்காரும்போது இன்னொருத்தர் தட்டைக் கழுவிட்டிருப்போம். விட்டுக்குடுக்கல, ரெண்டு பேரும்."

பத்தொன்பது வருடம் தடுப்பே இல்லாத தெரு. ஒருநாள்கூடத் தாண்டவில்லை இவர். பிளாஸ்டிக் வந்து அடைத்த மறுநாள்தான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

வண்டி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. டெஸ்ஸின் கை தடுப்பின் மேல் பாதி வரை போய், என்னைப் பார்த்துவிட்டு நின்றது.

"அஞ்சு நிமிஷம் நான் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றேன்.

எந்தக் கடிகாரப்படி என்று இருவரும் கேட்கவில்லை.