வாய்வார்த்தை

டக்... கிரீச்!

வாசல் கதவில் தபால் போடும் தகட்டை யாரோ தூக்கிவிட்டுப் படக்கென்று விட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு எந்தத் தபால்காரர் வருவார்?

பெர்னடெட் கைக்குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். கணவனுக்கு ராத்திரி ஷிஃப்ட். கதவோ வெறுமனே சாத்தியிருக்கிறது. மழையில் கதவு உப்பியதால் தாழ்ப்பாளைத் தள்ள இரண்டு கையும் வேண்டும். அவளுக்கு மிச்சமிருப்பது ஒன்று.

"யாருப்பா அது?"

"ஆர்மராடாத்தான் இருக்கும்" என்றார் அப்பா வில்ஃப், நாற்காலியை விட்டு அசையாமல். "நாலு நாளா இருட்டுல வீடு வீடா அலையறானாம். எந்த வீடு விலைக்கு வரும்னு நோட்டம் பாக்கறான். உள்ள வரட்டும், கெட்டில் தண்ணிய மூஞ்சியில ஊத்தறேன்!"

கோபம் வராமல் என்ன செய்யும்? இருபத்தைந்து வருஷத்துக்கு முன், இதே மேஜையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டே சொன்னவர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆர்மராட்.

"வில்ஃப், வீட்டுக் கடனுக்கு பேங்குக்கு மாசாமாசம் வட்டிய மட்டும் கட்டு. அசலை இந்த பாலிசி பாத்துக்கும். மிச்சப் பணத்துல ஸ்பெயின் போயிட்டு வா!"

ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர் பொய்யா சொல்வார்? பிரெஸ்டன் ஊரில் அந்தத் தெருவே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது.

போன மாதம் பாலிசி முதிர்ந்தது. அசல் இருபத்தைந்தாயிரம் பவுண்டு. கைக்கு வந்தது பதினெட்டாயிரம். மீதியை மூன்று மாதத்தில் கட்டு, இல்லையென்றால் வீட்டை விற்றுவிடு என்றது பேங்க்.

பெர்னடெட் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். 'முழு அசலும் நிச்சயம் என்று எங்கள் ஏஜென்ட் சொன்னதற்கு ஆதாரம் உண்டா?' என்று பதில் வந்தது. வாய்வார்த்தைக்கு ஏது ஆதாரம்?

மிதியடி மேல் ஒரு கவர் கிடந்தது. ஒரு கையால் பிரித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கான்?"

அவள் சத்தமாகப் படித்தாள்.

'1979 மே மாதம், வில்ஃப் வீட்டுச் சமையலறையில், இந்த பாலிசி அசலை நிச்சயம் அடைக்கும் என்று சொன்னவன் நான். குறையவும் கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு என்னுடையது. எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். ஜெ. ஆர்மராட்.'

கீழே பென்சிலில்: 'புகாரோடு இதை வைத்து அனுப்புங்கள். கம்பெனி புகாரை வாங்கும் கடைசி நாள் பதினாலாம் தேதி.'

பெர்னடெட் கதவைத் திறந்தாள். மழையில் நனைந்தபடி கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார் ஆர்மராட். கையில், கவர்கள் நனையாமல் வைத்திருந்த ரொட்டிப் பை, இப்போது காலியாக.

"பகல்ல வந்து குடுத்திருக்கலாமே?"

"பகல்ல உங்க முகத்தைப் பாக்கணுமே கண்ணு."

"இன்னும் எத்தனை வீடு?"

"முடிஞ்சுது. உங்களுது முப்பத்தொண்ணாவது."

"உங்க வீடு?"

அவர் சிரித்தார். "போன வருஷமே வித்தாச்சு. நானும் அதே பாலிசிதான். எனக்கு வித்ததும் நான்தான். யார் மேல போய்ப் புகார் குடுக்க?"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏய் ஆர்மராட்! குளிரை உள்ள விட்டுக்கிட்டு அங்கேயே நிக்கப் போறியா? கெட்டில் கொதிக்குது. சர்க்கரை ரெண்டா, மூணா?"

தயங்கித் தயங்கி அவர் உள்ளே வந்தார்.

பெர்னடெட் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டாள்.